எழுதினால் போதுமா? படிக்க ஆள் வேண்டாமா?

உங்களுக்கு எழுத வருமா? நாலு பேர் படிக்கும்படி எதையாவது எழுதி வெளியிட வேண்டும் என்ற ஆசை உண்டா?

அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எழுதும் ஆசை பலருக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். சங்கத்துக்காரர்கள் மாதம் ஒரு தாள் அச்சடிக்கிறார்கள். கைப்பக்குவம் உள்ள அம்மாள் ஒருவர் சமையல் குறிப்பு எழுதுகிறார். ஓய்வு பெற்ற வாத்தியார் தம் ஊர்க் கதையை எழுதுகிறார். இன்று மையும் காகிதமும்கூட வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே எழுதி ஊரெல்லாம் அனுப்பிவிடலாம்.

வெளியிடுவது எளிது. படிக்க ஆள் சேர்ப்பதுதான் பெரும் பாடு!

முதல் மாதம் உறவுக்காரர்கள் படிப்பார்கள். "பேஷ்!" என்பார்கள். மூன்றாவது மாதம் அவர்களும் படிக்கமாட்டார்கள். எழுதியவருக்கு மனம் சோர்ந்துவிடும். பேனாவை மூடி வைத்துவிடுவார்.

இந்தத் தொல்லை காந்தியடிகளுக்கும் இருந்தது. அவர் தென் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை நடத்தினார். 'இந்தியன் ஒப்பீனியன்' என்று பெயர். 'இந்தியர் கருத்து' என்பது பொருள். அதை அவர் எப்படி வளர்த்தார்? அந்தக் கதையைக் கேட்டால், எழுதுகிற எவருக்கும் வழி கிடைக்கும்.

3 பவுன் வரி

1903-ம் ஆண்டு ஜூன் மாதம் டர்பன் நகரில் அந்தப் பத்திரிகை பிறந்தது. அச்சுக்கூடம் மதன்ஜித் என்பவருடையது. மன்சுக்லால் நாசர் என்பவர் ஆசிரியர். காந்தியடிகள் அப்போது ஜோஹானஸ்பர்க்கில் வக்கீல். ஆனாலும் பத்திரிகையின் பாரம் எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

பத்திரிகை நாலு மொழிகளில் வந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ். ஆம், தமிழும் உண்டு!

அங்கே கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட ஒப்பந்தக் கூலிகளில் தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் சுதந்திரமாக அங்கேயே வாழ நினைத்தால், ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். தலைக்கு 3 பவுன்! ஒரு தொழிலாளியின் வருமானம் மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டாது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். நாலு மாதக் கூலியைக் கொட்டிக் கொடுத்தாலும் வரிக்குப் போதாது. மனைவிக்கு வேறு தனியாகக் கட்ட வேண்டும்.

இந்த அநியாயத்தைச் சொல்ல ஒரு வாய் வேண்டும் அல்லவா? அந்த வாய்தான் இந்தப் பத்திரிகை.

ஆனால் பத்திரிகை தன் காலில் நிற்கவில்லை. ஒரு சமயம் மாதம் 75 பவுன் வரை காந்தியடிகள் தம் கைப்பணத்தை அனுப்பினார். சேமிப்பு எல்லாம் அதில் கரைந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவியிருப்பார்கள்.

யார் படிக்கப் போகிறார்கள்?

எழுத உட்காரும்போதே, 'இதை யார் படிக்கப் போகிறார்கள்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 'எல்லோரும்' என்று பதில் வந்தால், யாரும் படிக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

காந்தியடிகளுக்கு இதில் குழப்பமே இல்லை. ஆங்கிலப் பகுதி வெள்ளைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும். இந்தியர் குறை என்ன என்பதை அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும். குஜராத்திப் பகுதி கடைக்காரர்களுக்கும், கடையில் வேலை செய்யும் பையன்களுக்கும். அவர்களுக்கு என்ன சட்டம் வருகிறது, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை.

குஜராத்தியில் 'ஜோஹானஸ்பர்க் கடிதம்' என்று வாராவாரம் எழுதினார். சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுவது போன்ற எழுத்து. 1905-ம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன், டால்ஸ்டாய், ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஈசுவர சந்திர வித்தியாசாகர் ஆகியோரின் வாழ்க்கையைச் சின்னச் சின்னக் கட்டுரைகளாகத் தந்தார். 1913-ல் உடம்பைப் பேணுவது பற்றித் தொடர்ந்து எழுதினார். குளிப்பது, சாப்பிடுவது, நல்ல காற்று, நல்ல தண்ணீர்! வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பயன்படும் விஷயம்.

ரஸ்கின் என்ற ஆங்கில அறிஞரின் புத்தகம் ஒன்று காந்தியடிகளின் மனத்தை மாற்றியது. அதைத் தம் வாசகர்களும் அறிய வேண்டும் என்று நினைத்தார். வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. சாரத்தை எடுத்து, எளிய குஜராத்தியில் 1908-ல் 'சர்வோதயா' என்று எழுதினார். படிப்பவருக்குப் புரியாத இடத்தை விட்டுவிட்டார். தமக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிக்கொள்ள அவர் எழுதவில்லை.

நீங்களும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தையாக இருக்கலாம். அடுத்த வீட்டுப் பெரியவராக இருக்கலாம். எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறாரோ, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

தமிழ்ப் பகுதி நின்றது

1906-ம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுவிட்டன.

காரணம் என்ன? சரியான ஆசிரியர் கிடைக்கவில்லை. நன்றாக எழுத ஆள் இல்லாமல், பெயருக்கு இரண்டு பக்கம் நிரப்புவது வாசகர்களை ஏமாற்றுவது போல் ஆகும் என்று காந்தியடிகள் நினைத்தார். நிறுத்திவிட்டார்.

தமிழர்களுக்கு இது பெரிய நஷ்டம். 3 பவுன் வரியில் நசுங்கியவர்களில் ஏராளமானவர்கள் நம் மக்கள்தான். அவர்கள் மொழியில் பத்திரிகை இல்லை என்றால் எப்படி? இன்னும் கொஞ்சம் தேடியிருந்தால் ஆள் கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. தரம் இல்லாத பக்கம் ஒன்று இருந்தால், நல்ல பக்கத்தின் பேரும் கெட்டுப்போகும். எட்டுப் பக்கம் நிரப்ப முடியவில்லையா? நாலு பக்கம் போடுங்கள். நாலும் நன்றாக இருக்கட்டும்.

இஞ்சின் ஓடவில்லை!

1904-ம் ஆண்டு அக்டோபரில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில்தான் காந்தியடிகள் ரஸ்கின் புத்தகத்தைப் படித்தார். விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பட்டணத்தில் இருந்தால் செலவு அதிகம். அச்சுக்கூடத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் நிலத்தில் பாடுபட வேண்டும். எல்லோருக்கும் ஒரே சம்பளம், மாதம் 3 பவுன்!

டர்பனிலிருந்து 14 மைல் தூரத்தில், பீனிக்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 100 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விலை 1,000 பவுன். சில பழ மரங்கள், ஒரு நீர் ஊற்று, இடிந்த குடிசை ஒன்று. புதர் மண்டிய இடம். பாம்புகள் வேறு! அச்சுக்கூட ஊழியர்களில் பலர் வரத் தயங்கினார்கள். கோவிந்தசாமி என்ற இயந்திரக்காரர் "நான் வருகிறேன்" என்று வந்தார்.

அங்கிருந்து வெளிவர வேண்டிய முதல் இதழ் 1904 டிசம்பர் 24-ந் தேதி இதழ். முதல் நாள் இரவு எழுத்துக்கோர்த்து முடித்தாயிற்று. பக்கங்களைப் பூட்டி மிஷினில் ஏற்றியாயிற்று.

இஞ்சின் ஓடவில்லை!

டர்பனிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். அவரும் வெஸ்ட் என்ற ஆங்கிலேய நண்பரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பயன் இல்லை. வெஸ்ட் கண்ணில் நீர் ததும்ப வந்து, "இந்த வாரம் பத்திரிகை வராது" என்றார்.

காந்தியடிகள் அழவில்லை. "கைச்சக்கரம் என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

இஞ்சின் பழுதானால் கையால் சுற்ற ஒரு சக்கரம் வேண்டும் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். சக்கரம் தயாராக இருந்தது. ஆனால் அதைச் சுற்ற ஒரே சமயத்தில் நாலு பேர் வேண்டும். மாற்றி மாற்றிச் சுற்ற இன்னும் ஆட்கள் வேண்டும். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் களைத்துக் கிடந்தார்கள்.

கொட்டகை வேலை இன்னும் முடியவில்லை. தச்சர்கள் அச்சுக்கூடத் தரையிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காந்தியடிகள் அவர்களை எழுப்பினார். விஷயத்தைச் சொன்னார். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஆபத்துக்கு உதவாமல் நாங்கள் எதற்கு என்று எழுந்து வந்துவிட்டார்கள். நாலு நாலு பேராகச் சக்கரம் சுற்றினார்கள். காந்தியடிகளும் சுற்றினார். வெஸ்ட் பக்திப் பாட்டுப் பாடினார். விடிய விடியச் சக்கரம் சுழன்றது.

காலை 7 மணி. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. இஞ்சினியர் மறுபடியும் இஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார். அது ஓடத் தொடங்கியது! நம்மைப் போல மிஷினுக்கும் ஓய்வு வேண்டியிருக்கிறது போலும் என்று வெஸ்டோ இஞ்சினியரோ வேடிக்கையாகச் சொன்னார்.

பத்திரிகை குறித்த நேரத்தில் வாசகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

'முதலாம் தேதி வரும்' என்று வாசகரிடம் சொன்னால், முதலாம் தேதி வந்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் மன்னிப்பார்கள். மூன்று தடவை தவறினால் மறந்தே போவார்கள். ஆகையால் நீங்களும் ஒரு கைச்சக்கரம் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் போடக்கூடிய இரண்டு கட்டுரைகளை எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் அந்தச் சக்கரம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் கல்யாணம் வந்தாலும் அது கைகொடுக்கும்.

காந்தியடிகள் 1914 வரை, சிறையில் இருந்த நாட்கள் தவிர, ஏறக்குறைய ஒவ்வொரு இதழிலும் எழுதினார். 1909-ல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது 'ஹிந்த் சுவராஜ்' எழுதினார். வலது கை வலித்தது. இடது கையால் எழுதினார்! அது அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு இதழ்களில் வெளிவந்தது.

பரிசுப் போட்டி

வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். சிலர் புகழ்ந்தார்கள். சிலர் திட்டினார்கள். எல்லாவற்றையும் படித்தார். பதில் சொன்னார். மக்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அந்தக் கடிதங்களால்தான் அவருக்குத் தெரிந்தது. திட்டுகிற கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவர் ஒன்றை மறந்துவிடுகிறார். திட்டுகிறவர் கடைசி வரி வரை படித்திருக்கிறார்!

இன்னொன்றும் செய்தார். புதிய சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் போராட்டம் தொடங்கியிருந்தார்கள். அந்தப் போராட்டத்துக்கு நல்ல இந்தியப் பெயர் இல்லை. பெயர் சொல்பவருக்குப் பரிசு என்று பத்திரிகையில் அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்ற பெயரை அனுப்பினார். நல்ல காரியத்தில் உறுதி என்று பொருள். பரிசு அவருக்குக் கிடைத்தது. காந்தியடிகள் அதைக் கொஞ்சம் மாற்றினார். 'சத்தியாக்கிரகம்' ஆயிற்று. உலகம் முழுவதும் தெரிந்த அந்தப் பெயர், ஒரு சின்னப் பத்திரிகையின் போட்டியில் பிறந்தது!

விளம்பரம் வேண்டாம்

1912-ல் அவர் செய்த காரியம் எல்லோரையும் திகைக்க வைத்தது. விளம்பரங்களை நிறுத்திவிட்டார். விளம்பரம் கேட்டு அலைவதிலும், பணம் வசூலிப்பதிலும் நல்ல ஆள் ஒருவரின் காலமெல்லாம் போயிற்று. விளம்பரம் கொடுப்பவரிடம் பல்லைக் காட்டவும் வேண்டியிருந்தது. வெளி அச்சு வேலை வாங்குவதையும் விட்டார்கள். மிச்சமான நேரமெல்லாம் பத்திரிகைக்குக் கிடைத்தது.

எல்லோரும் இப்படிச் செய்ய முடியாது. குடும்பம் நடக்க வேண்டும். ஆனால் எழுதுவதற்கு ஒரு மணியும் காசு தேடுவதற்கு நாலு மணியும் போகிறதா என்று கணக்குப் பார்ப்பது நல்லது.

ஒருவர் படிக்க, பலர் கேட்க

போராட்டம் சூடு பிடித்த காலத்தில் சுமார் 3,500 பிரதிகள் விற்றன. இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். காசு இல்லாதவர்கள் நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினார்கள். பத்திரிகை வந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அதன் வாசகர்கள் ஆனார்கள். இந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் போராட்டமே நடந்திருக்காது என்பது காந்தியடிகளின் கருத்து. 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது.

அதே ஆண்டு அவர் தென் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். பத்திரிகை நிற்கவில்லை. பின்னர் அவருடைய மகன் மணிலால் ஆசிரியர் ஆனார். 1956-ல் இறக்கும் வரை நடத்தினார். அதன் பிறகு மணிலாலின் மனைவி சுசீலா அந்தப் பொறுப்பை ஏற்றார். 1961-ம் ஆண்டு கடைசி இதழ் வந்தபோது பத்திரிகைக்கு வயது 58.