வேலையை விடுமுன் நோயைக் கவனிப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்திற்கு ஒரு சகோதரர் வந்தார். காலணித் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் நான்கரை ஆண்டுகள் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டதாகவும், செல்போன் கடை வைக்க வட்டியில்லாக் கடன் வேண்டும் என்றும் கேட்டார். கடை வாடகை, முன்பணம், சரக்கு எல்லாவற்றையும் விசாரித்தோம். இரண்டு பேர் ஜாமீன் போட்டார்கள். கடன் கொடுத்தோம். வேலையை ஏன் விட்டீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் கடை மூடப்பட்டது. அதன்பிறகு அவரை ஜும்ஆவிலும் காணவில்லை. வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அவருடைய மனைவி வந்து சொன்னபிறகுதான் விவரம் தெரிந்தது. வேலையில் இருந்தபோதே ஒரு வருடமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. காலையில் தொழிற்சாலை பஸ் வரும் நேரத்தில் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இதய மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஒருநாள் வீட்டில்கூடச் சொல்லாமல் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். சொந்தக் கடை வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பினார். கடையிலும் அதே படபடப்பு வந்தது. கூடவே எங்கள் தவணையும் சேர்ந்துகொண்டது. "அவங்க முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது?" என்று சொல்லித்தான் பள்ளிவாசலுக்கு வராமல் இருந்தாராம்.

இதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இப்போது மனநலக் காரணத்தால் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் ஆண்களும் பெண்களும் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நாங்கள் நேரில் சொல்வதை இங்கே எழுதுகிறோம்.

வேலை தந்த களைப்பா, நோயா?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதுதான். வேலை இடத்தின் ஓயாத நெருக்கடியால் வரும் களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டது. அதை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணி சார்ந்த நிலை என்றே வைத்தது. இத்தகைய களைப்பு, வேலையின் சுமையோ இடமோ மாறினால் பெரும்பாலும் குறையும்.

மனச்சோர்வும் பதற்ற நோயும் அப்படிப்பட்டவை அல்ல. விடுமுறை நாளிலும் தூக்கம் வரவில்லை, பிடித்த சாப்பாடும் ருசிக்கவில்லை, பிள்ளைகள் பேசினாலும் எரிச்சல் வருகிறது, இது இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நோய் முதலாளியோடு தங்கிவிடாது. நாம் வைக்கும் கடைக்கும் கூடவே வரும்.

இன்னொன்றையும் வீட்டார் கவனிக்க வேண்டும். சிலர் திடீரென்று இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, களைப்பே இல்லாமல், ஒரே நேரத்தில் நாலு தொழில் பற்றிப் பேசுவார்கள், கேட்ட இடத்திலெல்லாம் கடன் வாங்குவார்கள். "மகனுக்கு இப்போதுதான் சுறுசுறுப்பு வந்திருக்கிறது" என்று அத்தா மகிழ்ந்து பணம் கொடுத்துவிடுவார். மனநிலை உச்சத்திற்கும் பள்ளத்திற்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோயின் உச்ச நிலையாகவும் இது இருக்கலாம். அந்த நேரத்தில் ராஜினாமாவும் வேண்டாம், கடை ஒப்பந்தமும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சொந்தத் தொழிலில் குறைவதும் கூடுவதும்

நமக்கு நாமே நேரம் வைத்துக்கொள்ளலாம். ஷிப்ட் இல்லை, நீண்ட பயணம் இல்லை, எல்லோர் முன்பும் திட்டு வாங்க வேண்டியதில்லை. மாத்திரையால் காலையில் மந்தமாக இருப்பவர் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கலாம். இவை சிலருக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி போய்விடும். உடம்புக்கு முடியாத நாளில் வருமானமும் இருக்காது. காலையில் எழுப்பிவிட ஒரு வேலை நேரம் இல்லாவிட்டால் மனச்சோர்வு உள்ளவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே கடினமாகும். பேச்சுத் துணையும் குறையும். எனவே ஒரு தொழில் லாபம் தருமா என்று பார்ப்பதோடு, தன்னுடைய நோய்க்கு அது பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும். கூட்டத்தைக் கண்டால் பதறும் மனிதருக்கு நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பேசும் கடையை அமைத்துக் கொடுத்ததுதான் நாங்கள் செய்த தவறு.

ராஜினாமாவுக்கு முன் கேட்டுப் பெற வேண்டியவை

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் வேலையில் இருக்கும்போதே அதைப் பயன்படுத்துங்கள். தகுதியான சந்தா இருந்து, மருத்துவர் சான்று கொடுத்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்த மூன்று மாதத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டு வேலைக்கே திரும்பியவர்களும் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும் என்பதால், பெரிய முடிவை அதுவரை தள்ளிவையுங்கள்.

பணிக்கொடை பெறப் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து பணி செய்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் ஊதியம் பார்ப்பார்கள். அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 20,000 ரூபாய் பெறுபவர் 6 ஆண்டுகள் முடித்திருந்தால் சுமார் 69,000 ரூபாய் வரும். நம் சகோதரர் ஆறு மாதம் விடுப்பிலாவது தாக்குப் பிடித்திருந்தால் இதைக் கேட்டிருக்கலாம். அதேபோல் பி.எஃப். சார்ந்த ஓய்வூதியத்திற்கு 10 ஆண்டு பணி வேண்டும். உங்கள் கணக்கில் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் அவசரப்படவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, இருக்கும் பணி பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. புதிதாக எடுப்பவர்கள் நோயை மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. காப்பீடு பற்றி மார்க்கக் கேள்வி இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

தொடங்குவதென்றால் சிறிதாக

தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு சகோதரி, இரண்டாவது பிள்ளை பிறந்தபின் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். அவருடைய கணவர் உடனே வேலையை விடச் சொல்லவில்லை. விடுப்பு எடுக்கவைத்து, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். நாலு மாதம் கழித்து, தெளிவான மனதோடு, பள்ளிக்குத் திரும்ப வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதலில் மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்தார். இப்போது பதினொரு பேர் வருகிறார்கள். அதற்குமேல் சேர்ப்பதில்லை. தன் அளவு தனக்குத் தெரியும் என்கிறார்.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறோம். ஆறு மாதச் செலவுக்காவது கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கடை வாடகை, பெரிய முன்பணம் இல்லாத தொழிலாகத் தொடங்குங்கள். பி.எஃப். பணத்தையும் மனைவியின் நகையையும் முதலாகப் போடாதீர்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். வேலை நேரத்தை எழுதி வையுங்கள். தொழுகை நேரங்களையொட்டி நாளைப் பிரித்துக்கொள்வது பலருக்கு உதவியிருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

"ஈமான் பலவீனம்", "சோம்பேறித்தனம்" என்ற சொற்களை விட்டுவிடுவோம். நோய்க்கு மருத்துவம் பார்க்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை நம் சமுதாயம் மறக்கக் கூடாது. நோயை வெட்கமாக நினைத்து ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

யாராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

எங்கள் கடன் விண்ணப்பத்தில் இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" பதிலை எழுத வேண்டியதில்லை, வாயால் சொன்னால் போதும். அது அந்த அறையைத் தாண்டிப் போகாது. நோய் காரணம் என்றால் முதலில் மருத்துவச் செலவுக்கு உதவுகிறோம், பிறகுதான் தொழிலுக்கு.

நம் சகோதரரின் வீட்டுக்கு நாங்களே போனோம். சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது மார்க்கம். தவணையை நிறுத்திவைத்துவிட்டோம், முதலில் உடம்பைப் பாருங்கள் என்றோம். ஒரு வருடம் சிகிச்சை எடுத்தார். இன்று நான்கு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பழைய சம்பளம் இல்லை, ஆனால் தூக்கம் இருக்கிறது. மாதம் ஐநூறு ரூபாய் வீதம் கடனையும் அடைக்கிறார். ஜும்ஆவுக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ராஜினாமா கடிதம் எழுதும் முன் எங்களிடம் வந்து பேசச் சொல்லுங்கள். கடன் கேட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை.