கேட்டைத் தாண்டினாதான் மேட்ச்!

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் எங்க மாமா கேட்கிற முதல் கேள்வி: “மாப்ள, அடுத்து எந்த ஊர்ல மேட்ச்?”

மாமா, 15 வேலம்பாளையத்துல ஒரு பவர்டேபிள்ல ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் மேட்ச்னா முகத்துல டியூப்லைட் எரியும். என்ன பண்றது... நம்ம ஊர் ராசி அப்படி! ஊரெல்லாம் போடுற ஜெர்சியை நாம தைப்போம். மேட்ச் பார்க்க மட்டும் நாமதான் பஸ் ஏறணும். 2025 ஜூலை 6-ம் தேதி டி.என்.பி.எல். ஃபைனல்ல நம்ம ‘ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ்’ 220 ரன் குவிச்சு, அஸ்வின் கேப்டனா இருந்த திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன் வித்தியாசத்துல ஊதித் தள்ளினாங்களே... அதுவும் நடந்தது திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துலதான்!

இப்படி ஊர் ஊரா அலைஞ்சதுல ஒரு விஷயம் புரிஞ்சுது பாஸ். ஸ்கோர் மறந்துடும். உள்ளே போன கேட்டும், வெளியே வந்த கேட்டும் மட்டும் மறக்கவே மறக்காது.

காளான் சாப்பிட்ட ராத்திரி

முதல் அனுபவம், 2019 மார்ச் 9. நான் எட்டாவது படிச்சுட்டு இருந்தேன். கோவை நேரு ஸ்டேடியத்துல ஐ-லீக் கால்பந்து. அன்னைக்கு ஜெயிச்சா சென்னை சிட்டி டீம் சாம்பியன். காந்திபுரத்துல இறங்கி நடந்தே போயிட்டோம். சுத்தி ஓட்டப்பந்தய டிராக் இருக்கிறதால கிரவுண்டு கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். ஆனா சத்தம் இருக்கே... காது ரெண்டும் அடைச்சுப் போச்சு!

ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுட்டாங்க. மாமா பேச்சையே நிறுத்திட்டார். ரெண்டாவது பாதியில மான்சி ஒண்ணு, கௌரவ் போரா ரெண்டு. 3-1. பக்கத்துல இருந்த முன்பின் தெரியாத அண்ணன் என்னைத் தூக்கிச் சுத்தினார். அதைவிட ஆச்சர்யம், அவ்வளவு கூட்டத்துலயும் பத்து நிமிஷத்துல ரோட்டுக்கு வந்துட்டோம். வெளியே தள்ளுவண்டியில சூடா காளான் சாப்பிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிச்சு ஊர் வந்து சேர்ந்தோம். ஸ்டேடியம்னா இப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டேன்.

நாலு பாட்டு போச்சு!

அந்த நம்பிக்கை 2024-ல உடைஞ்சுது. காலேஜ் சேர்ந்த புதுசு. கிளாஸ்மேட்ஸ் ஆறு பேர் காசு சேர்த்து ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போனோம். ஊர், பேரெல்லாம் வேணாம். டிக்கெட்ல கலர் கலரா பிரிவு போட்டிருந்தாங்க. ஆனா எங்க பக்கம் எல்லா கலருக்கும் சேர்த்துத் திறந்திருந்தது ஒரே கேட்!

உள்ளே முதல் பாட்டு ஆரம்பிச்ச சத்தம் கேட்டதும் பின்னாடி இருந்தவங்க தள்ள ஆரம்பிச்சாங்க. முன்னாடி இருந்தவங்களுக்கோ நகர இடம் இல்லை. எங்ககூட வந்த தோழி திடீர்னு, “மூச்சு விட முடியலைடா”ன்னு சொன்னா. கை ரெண்டும் உடம்போட ஒட்டிப் போச்சு. காம்பவுண்டு சுவர் மேல உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் அவளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கி விட்டாங்க. நாலு பாட்டு முடிஞ்ச பிறகுதான் நாங்க உள்ளே போனோம். அவ வரலை. “இனி கூட்டம்னாலே எனக்கு வேண்டாம்”னு வெளியே உட்கார்ந்துட்டா.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை பனையூர்ல நடந்த ஏ.ஆர்.ரஹ்மானோட ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி ஞாபகம் இருக்கா? டிக்கெட் வாங்கியும் நிறைய பேர் உள்ளே போக முடியலை. நெரிசல்ல பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைக் கேட்டு ரஹ்மானே வருத்தம் தெரிவிச்சார். உள்ளே போக முடியாதவங்க டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கிட்டார்.

மஞ்சள் கடல்

அடுத்து சேப்பாக்கம். 2025 மார்ச் 23, சென்னை - மும்பை. சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ், அன்ரிசர்வ்டு. மாமா கழிவறைக் கதவுப் பக்கம் நின்னே தூங்கினார். வாலாஜா ரோட்டுல மஞ்சள் ஜெர்சி விற்றவரிடம் துணியைத் தடவிப் பார்த்து, “டாட் நிட்டு. நம்ம ஊருச் சரக்குதானுங்க?”ன்னு கேட்டார். அவர் சிரிச்சுட்டே விலையைக் குறைச்சார்!

உள்ளே கமென்ட்ரி கிடையாது. நூர் அகமது பந்துல தோனி ஸ்டம்பிங் பண்ணது எங்க கண்ணுக்கே தெரியலை. சூர்யகுமார் நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் அவுட்னு புரிஞ்சுது. ரச்சின் சிக்ஸர் அடிச்சு மேட்சை முடிச்சப்போ ராத்திரி 11 மணியைத் தாண்டிடுச்சு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எனக்கு அந்த ஒத்தை கேட் ஞாபகம் வந்து வயிறு கலங்குச்சு. ஆனா ஒவ்வொரு ஸ்டாண்டும் தனித்தனி வழியில காலியாச்சு. மேட்ச் டிக்கெட்டையே காட்டி மெட்ரோவுல இலவசமா ஏறினோம். அரசினர் தோட்டத்துக்கு அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். அங்கே பேப்பர் விரிச்சுப் படுத்து, காலையில கோவை எக்ஸ்பிரஸ். திங்கட்கிழமை மாமாவுக்குச் சம்பளம் கட். “போகட்டும் மாப்ள, முழுசா வீடு வந்தோமே!”ன்னார். அப்போ சிரிச்சேன்.

பெங்களூர்ல என்ன ஆச்சு?

ரெண்டரை மாசம்கூட ஆகலை. 2025 ஜூன் 4. ஆர்.சி.பி. முதல் தடவையா ஐ.பி.எல். கோப்பையை ஜெயிச்சதுக்கு மறுநாள். சின்னசாமி ஸ்டேடியத்துல பாராட்டு விழா. உள்ளே சுமார் 35 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். வந்தது ரெண்டு, மூணு லட்சம் பேர்னு கர்நாடக முதல்வர் சித்தராமையாவே சொன்னார். கேட் வாசல்ல 11 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்க. நம்ம திருப்பூர் மாவட்டத்துக்காரர் ஒருத்தரும் அதுல உண்டு. மாமா சொன்னதுக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுது.

கூட்டத்துல மிதிபட்டுத்தான் சாகிறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லையாம். பெரும்பாலும் நின்ன இடத்துலயே நெஞ்சு அழுந்தி, மூச்சு விட முடியாமத்தான் உயிர் போகுது. நாம படிக்கிற கணக்குதான். ஒரு சதுர மீட்டர்ல நாலு பேர் வரைக்கும் ஓரளவு நம்ம இஷ்டத்துக்கு நகரலாம். அஞ்சைத் தாண்டினா ஆபத்து. ஆறு, ஏழு பேர் ஆனா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும். அலை எங்கே தள்ளுதோ அங்கேதான் போவீங்க. பின்னாடி தள்றவனுக்கு முன்னாடி நடக்கிறது தெரியாது. அதனால தப்பு தள்றவன் மேல மட்டும் இல்லை. எத்தனை பேருக்கு எத்தனை கேட்னு கணக்குப் போடாதவங்க மேலதான் பெரிய தப்பு. 1989-ல இங்கிலாந்து ஹில்ஸ்பரோ மைதானத்துல 97 உயிர் போன பிறகுதான், அங்கே பெரிய கால்பந்து மைதானங்கள்ல நின்னு பார்க்கிற இடங்களை எடுத்துட்டு எல்லாருக்கும் இருக்கை போட்டாங்க. நமக்கு இன்னும் எத்தனை உயிர் போகணும்?

கிளம்புறதுக்கு முன்னாடி...

* டிக்கெட்ல சீட் நம்பரை மட்டும் பார்க்காதீங்க. கேட் நம்பர் என்ன, அது எந்த ரோட்டுல இருக்குன்னும் பாருங்க.

* இலவச அனுமதின்னு திடீர்னு அறிவிச்சா, டி.வி.யே பெஸ்ட்!

* உள்ளே போனதும் செல்ஃபிக்கு முன்னாடி, வெளியே போற வழி எங்கேன்னு தேடுங்க.

* கூட்டத்துல செல்போன் சிக்னல் கிடைக்காது. பிரிஞ்சுட்டா எங்கே சந்திக்கிறதுன்னு முன்னாடியே பேசி வைங்க.

* நெரிசல்ல மாட்டினா முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வைங்க. எதிர்த்துத் தள்ளாதீங்க. அலை நிக்கிறப்போ கொஞ்சம் கொஞ்சமா பக்கவாட்டுல நகருங்க. கீழே விழுந்தது செருப்போ செல்போனோ... குனியவே குனியாதீங்க!

போன வாரம் கேன்டீன்ல மாமாவோட அடுத்த பிளானைச் சொல்லிட்டு இருந்தேன். சுவர் ஏறித் தப்பிச்ச அந்தத் தோழி டீயைக் கீழே வெச்சுட்டுக் கேட்டா: “என்னையும் கூட்டிட்டுப் போறியா?”

ஆச்சர்யத்துல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துச்சு.

“யார் விளையாடுறாங்கன்னு அப்புறம் சொல்லு. முதல்ல, எத்தனை கேட்?”