செட்டிநாட்டுச் சாலைகளின் சாவுக் கணக்கு

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடியை நோக்கி வந்த ஓர் அரசுப் பேருந்தும், காரைக்குடியிலிருந்து கிளம்பிப் போன இன்னோர் அரசுப் பேருந்தும் திருப்பத்தூர் அருகே கும்மங்குடி பக்கம் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 40 பேருக்கு மேல் காயம். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போகிற, செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன தடம் அது. அன்று மாலைக்குள் சிவகங்கை மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது. முதலமைச்சரும் பிரதமரும் இரங்கல் தெரிவித்தார்கள்.

பதினோரு பேர் ஒரே இடத்தில் இறந்தால் அது செய்தி. அதே பதினோரு பேர் நான்கைந்து மாதத்தில் ஒருவர் ஒருவராக, ஒருவர் புதுவயல் சாலையில், ஒருவர் தேவகோட்டை ரஸ்தா அருகே, ஒருவர் கல்லல் போகும் வழியில் என்று போனால், மாவட்டப் பதிப்பில் ஆளுக்கு நான்கு வரி. வருடக் கடைசியில் அந்த நான்கு வரிகளெல்லாம் சேர்ந்து ஓர் எண்ணாகும். போன ஆண்டைவிட இத்தனை விழுக்காடு கூடியது, இத்தனை குறைந்தது என்று ஒரு வாக்கியம் வரும். சின்ன ஊர்களின் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படுவது அந்த ஒரு வாக்கியம்தான். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி 2016இல் தமிழ்நாட்டில் 71,431 விபத்துகள், 17,218 சாவுகள். 2018 அறிக்கையில் சாவு 12,216. 2019 அறிக்கையில் 10,525. 2020இல், கொரோனா ஊரடங்கும் சேர்ந்துகொள்ள, எட்டாயிரத்துச் சொச்சம். பாதிக்கு மேல் குறைத்துக் காட்டிய மாநிலம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மேடையிலேயே பாராட்டினார். மற்ற மாநிலங்கள் தமிழ்நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது: 2021இல் 15,384 பேர். 2022இல் 17,884. 2023இல் 18,347. ஒரே வருடத்தில் ஓட்டுநர்கள் எல்லாரும் இரண்டு மடங்கு மோசமாகிவிடவில்லை. முந்தைய ஆண்டுகளின் கணக்கில் ஓட்டை இருந்தது. பின்னர் பழைய எண்களையும் திருத்த வேண்டியதாயிற்று.

ஓட்டை எங்கே விழுகிறது என்பது காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் பைக்கிலிருந்து விழுகிறார், தலையில் அடி. 108 வந்து ஜி.ஹெச்.சுக்குக் கொண்டுபோகிறது. முதலுதவி முடிந்ததும், ‘மதுரைக்குக் கொண்டுபோங்க’ என்கிறார்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரி சுமார் 45 கிலோமீட்டர், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை அதைப்போல் இரு மடங்கு தூரம். காவல் நிலையத்தில் அன்றிரவே காயம் என்று எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. ஒன்பதாம் நாள் மதுரையில் அவர் இறந்துபோகிறார். மருத்துவமனையிலிருந்து தகவல் வந்து, வழக்கின் சட்டப் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). இந்தத் திருத்தம் புள்ளிவிவரப் பதிவேடு வரை போய்ச் சேராவிட்டால், வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அரசாங்கக் கணக்கில் அவர் காயம்பட்டவர்தான். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட வரையறை. கணக்கு முடிக்க ஸ்டேஷன் ரைட்டருக்குக் கிடைக்கிற அவகாசத்தைவிட அது சில சமயம் நீளம்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல்வாங்கல் செய்துவிட்டு ஊருக்கு ஐந்தொகை போட்டு அனுப்பிய மண் இது. வரவு ஒரு பக்கமும் பற்று ஒரு பக்கமும் நேராகாத பேரேட்டை இங்கே யாரும் மூடிவைத்ததில்லை. சாலைக் கணக்கில் அந்தக் கறார் வருவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் முதலில் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சம்பவ இடத்துக்குப் போகிற காவலர் கைப்பேசிச் செயலியில் இடத்தைக் குறித்து, படம் எடுத்து ஏற்றுகிறார். நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை, மருத்துவத் துறை மூன்றும் அதே பதிவைப் பார்க்க முடிகிறது.

விபத்து எண்ணிக்கையிலும் இன்னொரு கண்கட்டு உண்டு. 2022இல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. உத்தரப் பிரதேசத்தில் 41,746தான். ஆனால் அங்கே இறந்தவர்கள் 22,595 பேர், இங்கே 17,884. நூறு விபத்துக்கு அங்கே 54 சாவு, இங்கே 28. நம்மூரில் மோதல்கள் மென்மையாக நடக்கின்றன என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. கை முறிந்தவரின் வழக்கும் இங்கே பதிவேட்டுக்கு வந்துவிடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். பதிவு ஒழுங்காக நடக்கிற ஊர் பட்டியலில் கெட்ட பெயர் வாங்குகிறது. அந்தக் கெட்ட பெயருக்குப் பயந்து எண்ணைக் குறைத்துக் காட்ட ஆசைப்படும் அதிகாரி ஒருவர் போதும், அடுத்த பத்தாண்டுத் திட்டமிடல் பாழாக.

மாநிலம் என்று பார்த்தால் பதினெட்டாயிரம் என்பது பெரிய எண். ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் உண்டு. ஊர் அளவில் அப்படியில்லை. ஒரு பேச்சுக்கு, ஒரு காவல் உட்கோட்டத்தில் ஓராண்டு 20 சாவு, மறு ஆண்டு 26 என்று வைத்துக்கொள்வோம். ‘30 விழுக்காடு உயர்வு’ என்று தலைப்பு வரும். உண்மையில், சாலையிலோ ஓட்டுகிறவர்களிலோ ஒரு மாற்றமும் இல்லாமலே, இருபதைச் சுற்றிய எண் ஒரு வருடம் பன்னிரண்டாக இறங்கலாம், ஒரு வருடம் இருபத்தெட்டாக ஏறலாம். தற்செயலின் இயல்பு அது. ஒரே ஒரு கும்மங்குடி அந்த வருடத்தின் எண்ணையே புரட்டிப் போட்டுவிடும். மறு வருடம் அப்படியொன்று நடக்காவிட்டால், எதுவும் செய்யாமலே ‘பெரும் சரிவு’ என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். அமைச்சகம் இதை அறியும். அதனால்தான் கரும்புள்ளி என்று ஓர் இடத்தைக் குறிப்பதற்கு ஓராண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் ஐந்து பெரிய விபத்து, அல்லது பத்துச் சாவு என்பது அதன் விதி.

சின்ன ஊரில் எத்தனை என்பதைவிட எங்கே, எப்போது, எதில் போனவர் என்ற மூன்று கேள்விகள்தான் பயன்படும்.

காரைக்குடியின் தெருக்கள் திட்டம் போட்டு அமைத்தவை. நேர்நேராகப் போய்ச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும். நகரத்தார் வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடப்பவை. சுவர் தெருவின் விளிம்பிலேயே எழுந்து நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சுவர்களைப் படம் எடுக்கிறார்கள். ஸ்கூட்டரில் வருகிறவருக்கோ முக்குக்கு வந்து முன்சக்கரம் வெளியே நீட்டிய பிறகுதான் குறுக்குத் தெருவில் வருகிற வண்டி தெரியும். மாட்டு வண்டி நடைக்குப் பொருத்தமாக இருந்த முக்கு இது. வேகத்தை 20 கிலோமீட்டருக்குள் வைத்திருந்தால் இன்றைக்கும் பொருத்தம்தான். இத்தகைய சந்திப்புகளில் நடப்பவை பெரும்பாலும் முழங்காலோடும் முன்பல்லோடும் போகிற விபத்துகள். செக்காலை ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் ராங் ரூட்டில் வந்து உரசுகிறவையும் அந்த ரகம். இரைச்சல் அதிகம், கூட்டம் கூடும், பேச்சுவார்த்தையில் முடியும்.

உயிர் போவது ஊரைத் தாண்டிய பிறகு. 2022இல் நாட்டில் நடந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேர்ச்சாலையில் நடந்தவை. வளைவு, பள்ளம், ஏற்றம் என்று நாம் பயப்படுகிற இடங்களின் பங்கு மிகக் குறைவு. செட்டிநாட்டுப் பொட்டல் வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஓடும் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. எதிரெதிரே 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற இரண்டு வண்டிகளுக்கு இடையிலான தூரம் நொடிக்கு 39 மீட்டர் வீதம் சுருங்கும். முன்னால் போகிற லாரியை ஓவர்டேக் செய்ய ஒன்பது நொடி ஆகுமென்றால், 350 மீட்டர் காலிச் சாலை கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஹைபீம் போட்டு ஒருவர் எதிரே வரும்போது அந்த 350 மீட்டரில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதோடு இங்கே தார் முடிகிற விளிம்பில் சரளை மண் சறுக்கிவிடும். பேருந்துக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்குகிற பைக்காரர், மோதாமலே விழுகிறார்.

அந்தப் பைக்காரர்தான் இந்தக் கணக்கின் மையம். நாட்டில் சாலையில் இறப்பவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் டூவீலரில் போனவர்கள். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14 ஆயிரத்துச் சொச்சம் பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜூலை முதல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2022 அக்டோபரில் அபராதம் 1,000 ரூபாயானது. கல்லூரிச் சாலையில் மாணவர்கள் தலையில் ஓரளவு ஹெல்மெட் ஏறியிருக்கிறது. ‘இந்தா இருக்கிற கோட்டையூருக்குப் போக எதுக்கு?’ என்கிற பெரியவர்களை அந்த அபராதம் எட்டவில்லை. ஹெல்மெட் தலைக்காயத்தை 69 விழுக்காடும் சாவை 42 விழுக்காடும் குறைக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. மதுரைக்கு ஆம்புலன்ஸில் போகும் தொலைவு இந்த ஊருக்கு இருப்பதால், இங்கே அந்த விழுக்காட்டின் மதிப்பு இன்னும் கூடுதல்.

அடிபட்ட பின் ஆகவேண்டியதில் தமிழ்நாடு உருப்படியாகச் செய்திருக்கிறது. 108 சேவை 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு லட்சம் ரூபாய் வரை இலவசம் என்றிருந்தது, பின்னர் உச்சவரம்பு கூடியது. தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. தூக்கிக்கொண்டு போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்கிற பழைய பயத்துக்கும் இடமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுகிறவருக்குப் பாதுகாப்புத் தந்துவிட்டன. பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

நேருக்கு நேர் மோதலுக்கு ஸ்வீடன்காரர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 1997இல் அந்த நாட்டு நாடாளுமன்றம், சாலையில் ஒரு சாவும் ஏற்கத் தக்கதல்ல என்று தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு அங்கே இறந்தவர்கள் 541 பேர். பெரிய நான்குவழிச் சாலைகளுக்குப் பணம் இல்லாத இடங்களில், இருக்கிற அகலத்தையே மூன்று தடமாகப் பிரித்து, நடுவில் எஃகுக் கம்பி வடத் தடுப்பு போட்டார்கள். ஓவர்டேக் செய்யும் தடம் சில கிலோமீட்டருக்கு இந்தப் பக்கத்துக்கு, பிறகு அந்தப் பக்கத்துக்கு. இப்போது ஆண்டுச் சாவு முந்நூறுக்குக் கீழே. ஓட்டுநர் தவறு செய்வார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்டிய சாலை அது. நம்முடைய அறிக்கைகளில் ‘ஓட்டுநர் தவறு’ என்று எழுதியதோடு கோப்பு மூடப்படுகிறது.

மாவட்டத்தில் இதையெல்லாம் கேட்கிற இடம் ஒன்று உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2017 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவுகள் போட்டது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்துத் தவறாமல் கூட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. சரியாக எட்டு ஆண்டு கழித்து, அதே தேதியில்தான் கும்மங்குடி விபத்து நடந்தது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சிப் பொறியாளர்களும் அந்தக் குழுவின் மேசைக்கு வரைபடத்தோடு வரலாம்: முக்குகளில் குவியாடி, வேகத்தடைக்கு வெள்ளைப் பூச்சு, தார் விளிம்புக்குச் சரளை நிரவல். எதுவும் கோடிகள் கேட்கிற வேலை இல்லை.

செய்ய முடியும் என்பதற்கு ஆண்டுதோறும் சான்று கிடைக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படும். நானூறு ஆண்டுப் பழக்கம். ஆயிரக்கணக்கானோர் சிங்கம்புணரி, நத்தம் வழியாக விடிய விடிய நடக்கிறார்கள். அப்போது போலீஸார் பேரிகார்டு வைக்கிறார்கள். பைகளிலும் தடிகளிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தபடி மெதுவாகப் போகிறார்கள். புதுவயலில் அரிசி ஆலை வேலை முடித்து இருட்டில் சாலையோரமாக நடந்து போகிற பெண்களுக்கும் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கும் வருடத்தின் 365 இரவும் அந்த ஸ்டிக்கர் தேவைப்படுகிறது. பழனி யாத்திரைக்கு வாங்குகிற அதே சுருளில் அவர்களுக்கும் கொஞ்சம் வெட்டித் தரலாம்.