வற்றாளங்கிழங்கின் செம்மஞ்சள் நிறம்

வற்றாளங்கிழங்கு எமக்குப் புதியதன்று. அவித்த கிழங்கைத் தேங்காய்ப்பூவுடன் உண்டு வளர்ந்தவர்கள் நம்மிற் பலர். ஆயினும் செம்மஞ்சள் நிறச் சதையுடைய கிழங்கைக் காணும்போது, அதனை வேறொரு கிழங்கென எண்ணி ஒதுக்குவோரும் உளர். வட அமெரிக்கக் கடைகளில் அது 'யாம்' என்ற பெயரில் விற்கப்படுவது இம்மயக்கத்தை மேலும் கூட்டுகின்றது. உண்மையில் 'யாம்' என்பது எமது இராசவள்ளிக் கிழங்கின் இனம். செம்மஞ்சட் கிழங்கோ வற்றாளையின் ஒரு வகையே.

இக்கிழங்கின் சிறப்பு அதன் நிறத்திலேயே உள்ளது. கரட்டுக்கு நிறமளிக்கும் பீற்றா கரோட்டீன் என்னும் பொருளே இதற்கும் நிறமளிக்கின்றது. எமது உடல் அதனை விற்றமின் 'ஏ' ஆக மாற்றிக்கொள்கின்றது. தோலுடன் சுட்ட 100 கிராம் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 960 மைக்கிரோகிராம் விற்றமின் 'ஏ' கிடைக்கும். நாளொன்றுக்கு 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு 300, வளர்ந்த பெண்ணுக்கு 700, ஆணுக்கு 900 மைக்கிரோகிராம் போதுமானவை. வெள்ளைச் சதைக் கிழங்கில் இப்பொருள் மிகச் சொற்பம். ஊதாச் சதைக்கு நிறமளிக்கும் அந்தோசயனின் விற்றமினாக மாறுவதில்லை. எனவே கவனிக்க வேண்டியது தோலின் நிறத்தையன்று, உட்சதையின் நிறத்தையே.

விற்றமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் தோன்றும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். இக்குறைபாடு மிகுந்திருந்த மொசாம்பிக் நாட்டில் செம்மஞ்சட் கிழங்கு கிராமங்களுக்கு வழங்கப்பட்டது. அதனை உண்ட குழந்தைகளின் இரத்தத்தில் விற்றமின் 'ஏ' உயர்ந்தமையை 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. இக்கிழங்கை ஆபிரிக்காவில் பரப்பிய மரியா அந்திராதே, றொபேட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் 2016 இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சுட்ட 100 கிராம் கிழங்கில் சுமார் 90 கலோரியும், 3 கிராம் நார்ப்பொருளும், 475 மில்லிகிராம் பொற்றாசியமும், 20 மில்லிகிராம் விற்றமின் 'சி'யும் உள்ளன. புரதம் 2 கிராம் மட்டுமே. ஆதலால் பருப்போ மீனோ உடன் இருத்தல் வேண்டும். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கிலுள்ள நொதியம் மாப்பொருளைச் சீனியாக மாற்றுவதால் சுட்ட கிழங்கு மிகுந்து இனிக்கின்றது. நீரிழிவு உள்ளோர் அவித்து, அளவுடன் உண்பது நன்று. சிறுநீரக நோயாளர் பொற்றாசியத்தின் பொருட்டு வைத்தியரைக் கேட்டறிதல் அவசியம்.

கரோட்டீன் கொழுப்பிற் கரைவது. ஆகவே சிறிது தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் ஆகாது. நடுப்பகுதி இறுகிச் சுவை கெடும். இருளான, காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது.

நாள்தோறும் அதிகமாக உண்ணும் குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளைப்பகுதி வெண்மையாகவே இருப்பின் அது மஞ்சட்காமாலையன்று. கிழங்கைக் குறைத்தால் நாளடைவில் மாறிவிடும். கண்ணும் மஞ்சளாயின் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள்.