தொட்டில் உறவும் நனவிலி மனமும்

'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் முன்னோர் மொழி. அவர்கள் பழக்கத்தைச் சுட்டினர். வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) உறவைச் சுட்டினார். பெற்றோரிடம் குழந்தை முதலில் கொண்ட அன்பும் அச்சமும் சினமும் நினைவினின்று அகன்றாலும் மனத்தினின்று அகல்வதில்லை. ஏற்க இயலாதவை ஒடுக்கப்பட்டு நனவிலி மனத்தில் தங்கி, பின்னாளில் நட்பிலும் மணவாழ்விலும் உருமாறி வெளிப்படுகின்றன. உளப்பகுப்பாய்வுக் கொள்கையின் சாரம் இதுவே.

இக்கொள்கையை நம் நாட்டவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், பிராய்டுடன் பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். தந்தையின்மேல் மகன் கொள்ளும் போட்டியுணர்வைப் பிராய்டு முதன்மைப்படுத்தினார். போஸோ, தாயோடு தன்னை ஒன்றாகக் காணும் விழைவையும் வலியுறுத்தினார். பின்னர் சுதிர் கக்கர், 1978இல் வெளியான தம் ஆங்கில நூலில், இந்தியச் சிறுவன் நெடுநாள் தாயின் அணைப்பில் வளர்ந்து, ஏறத்தாழ ஐந்தாம் வயதில் ஆடவரின் கண்டிப்பான உலகிற்குத் திடீரெனப் பெயர்வதை விளக்கினார். கூட்டுக் குடும்பத்தின் பங்கையும் அவர் ஆராய்ந்தார்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கோட்டையைக் கடந்து, கேரளம் செல்லும் மலைச்சாலை ஏறத் தொடங்கும் புளியறையை எண்ணிப் பாருங்கள். தாய் வயலுக்குச் சென்றால் பிள்ளை பாட்டியின் மடியிலும் அத்தையின் இடுப்பிலும் வளரும். அதன் அகவுலகில் பலர் குடியிருக்கின்றனர்.

ஆனால், நம் வட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் தந்தை பிழைப்புக்காக வளைகுடா நாடுகளில் இருக்கிறார். விடுமுறையில் வந்து கைநீட்டும் அவரைக் கண்டு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "பெற்ற தகப்பனிடம் போகமாட்டாயா?" என்று பெரியவர்கள் அதட்டுகின்றனர். பிரிவுத் துயரை ஆராய்ந்த ஜான் பௌல்பி (1907–1990) இதனை வேறாகக் காண்பார். பிரிவில் குழந்தை முதலில் அழுது அழைக்கும், பின் சோர்ந்துபோகும், இறுதியில் விலகி நிற்கும். அவ்விலகல் நன்றியின்மையன்று, வலியின் வடு. அதட்டினால் அவ்வலி சொல்லின்றி உள்ளே புதையும்.

எனினும் புதைந்தது விதியாகிவிடுவதில்லை. சிகிச்சைக்கு வருபவர் பழைய உறவின் உணர்வுகளை மருத்துவர்மேல் ஏற்றிக் காண்பார்; அவற்றை அடையாளம் கண்டு சொல்லாக்கும்போது அவற்றின் பிடி தளரும் என்பது இத்துறையின் துணிபு. இல்லத்திலும் வகுப்பறையிலும் இத்துறை நமக்கு உணர்த்தும் கடமை எளியது: முகந்திருப்பும் பிள்ளையைப் பழிக்காமல், அது தானே அருகில் வரும்வரை காத்திருத்தல்.