கீழே தமிழ், மேலே பிரெஞ்சு: ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை ஏன் முக்கியம்?

‘டவுன்டன் அபே’ சீரிஸ் பார்த்தவர்களுக்கு அந்த மாளிகையை மறக்க முடியாது. இங்கிலாந்தில் உள்ள ஹைகிளேர் கோட்டைதான் அது. சீரிஸ் ஹிட்டானதும் அதைப் பார்க்கவே உலகம் முழுக்க இருந்து கூட்டம் வந்தது.

அப்படி ஒரு கதை உள்ள வீடு நம்ம புதுச்சேரியிலும் இருக்கு. ஆனால், வீக்எண்ட் வருகிறவர்களில் பலர் ராக் பீச், ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், நாலு செல்ஃபியோடு கிளம்பிவிடுகிறார்கள். பெரிய மார்க்கெட் பக்கத்தில், கடைகளின் நெரிசலுக்கு நடுவே நிற்கும் ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை கண்ணில் படுவதே இல்லை.

யார் இந்த ஆனந்தரங்கப் பிள்ளை?

1709-ல் பிறந்தவர். வணிகர். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் தலைமை துபாஷாக இருந்தவர். துபாஷ் என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று அர்த்தம். வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வியாபாரம், அரசியல், பேரம் எல்லாமே இவர் வழியாகத்தான் நடந்தது.

1736 முதல் 1761 வரை இவர் எழுதிய தமிழ் நாட்குறிப்புதான் இவரை இன்றும் நினைக்க வைக்கிறது. கப்பல் வந்த செய்தி முதல் கவர்னர் மாளிகை ரகசியம் வரை எல்லாம் அதில் இருக்கு. 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். எழுத்தாளர் பிரபஞ்சனுக்கு 1995-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கித் தந்த ‘வானம் வசப்படும்’ நாவலின் பின்னணியும் இந்தக் காலம்தான்.

வீட்டில் அப்படி என்ன ஸ்பெஷல்?

1730-களில் கட்டப்பட்ட வீடு இது. கீழ்த்தளம் அசல் தமிழ் வீடு: வேலைப்பாடு உள்ள மரத்தூண்கள், நடுவில் முற்றம். மாடிக்குப் போனால் சீன் மாறுது: பிரெஞ்சு பாணியில் உருண்டையான வெள்ளைத் தூண்கள்.

ஆங்கிலேயப் பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றி ஏக்கர் கணக்கில் தோட்டம் இருக்கும். ஊருக்குள் இருக்கும் இந்த மாதிரி வீட்டில் அதற்கு இடமில்லை. காற்று, வெளிச்சம், மழை எல்லாமே முற்றம் வழியாகத்தான் உள்ளே வரும்.

பின்னாளில் புதுச்சேரியின் அடையாளமாகவே மாறிய தமிழ்-பிரெஞ்சு கலப்புக் கட்டிடக்கலைக்கு ஆரம்பகால உதாரணம் இந்த வீடு. இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்ந்த மனிதர், வீட்டையும் அப்படியே கட்டியிருக்கிறார்.

எப்படித் தப்பியது?

கடைசிக் காலத்தில் பதவியும் போய், உடல்நிலையும் மோசமாகி, 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் புதுச்சேரி பிரிட்டிஷ் படையிடம் வீழ்ந்தது. கோட்டையும் பிரெஞ்சுக்காரர்களின் கட்டிடங்களும் தரைமட்டமாயின. அதில் தப்பிய மிகச் சில கட்டிடங்களில் ஒன்றாக இந்த வீடு சொல்லப்படுகிறது.

1846-ல் காலுவா-மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி, பிள்ளையின் வழித்தோன்றல்களிடம் இருந்த நாட்குறிப்பைக் கண்டறிந்தார். பிறகு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வெளியானது.

இப்போது என்ன பிரச்சினை?

நாட்குறிப்பைப் பிரதி எடுக்கலாம், அச்சடிக்கலாம். வீட்டை அப்படிச் செய்ய முடியாது. கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டிடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கு. ஆனால் அது புதுக் கட்டிடம்.

அரசுக் கட்டிடத்துக்கே இந்தக் கதி. தனியார் வீடுகளின் நிலை இன்னும் கஷ்டம். மரத்தூண், சுண்ணாம்புப் பூச்சு எல்லாவற்றையும் பராமரிக்கச் செலவு அதிகம். வேலை தெரிந்த ஆட்களும் குறைவு. மார்க்கெட் ஏரியாவில் இடத்தின் மதிப்போ ரொம்ப அதிகம். இடித்துவிட்டு காம்ப்ளக்ஸ் கட்டுவதுதான் சுலபமான கணக்கு. அந்தக் கணக்கில் காணாமல் போன வீடுகள் புதுச்சேரியில் நிறைய.

அடுத்த முறை பாண்டி போனால், பீச்சிலிருந்து மார்க்கெட் பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்க. இது மியூசியம் இல்லை என்பதால் உள்ளே போக முன்அனுமதி வேண்டும். 280 வருஷத்துக்கும் மேலாக நிற்கிற ஒரு வீட்டை, நின்றுகொண்டு இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.