பேர் பதிந்தவர்கள் (சப்பிரகமுவத் தோட்டங்கள் – 6)

தோட்டத்துக்குப் புதிதாக வந்து சேர்கிறவர் அந்தத் தோட்டத்தாராக ஆவது பேர் பதிவில் தொடங்குகிறது. தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறினால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கலாம், வேலை கிடைக்கும், வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா (அறை) கிடைக்கும். பெயர் வெட்டப்பட்டால் மூன்றும் ஒன்றாகப் போகும். வேலையும் வீடும் ஒரே புத்தகத்தில் அடங்கிய இந்த ஏற்பாடுதான், யார் உள்ளே யார் வெளியே என்பதைக் கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்தப் புத்தகத்துக்கு முன்னால் இன்னொருவர் நின்றார்: கங்காணி. களனிப் பள்ளத்தாக்கில் றப்பர் பரவத் தொடங்கி, 1903இல் சிறிய பாதை ரயில் எட்டியாந்தோட்டையை எட்டிய காலத்தில், தெஹியோவிட்ட, தெரணியகல, ருவன்வெல்ல பக்கத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தை நிர்வகித்த துரை நேரடியாக ஆள் தேடவில்லை. பெரிய கங்காணி முன்பணம் வாங்கிக்கொண்டு தென்னிந்தியாவில் தன் ஊருக்குப் போய், தன் உறவினரையும் சாதியாரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டினார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு கூட்டம். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் பயணிக்குத் தோட்ட எண் பொறித்த தகர வில்லை ஒன்றும் கொடுக்கப்பட்டது. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை அந்த வில்லை சொல்லிற்று. ஆள் யார் என்பதை அது சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை.

இப்படி வந்தவருக்குத் தோட்டம் முற்றிலும் அந்நியமான இடமல்ல. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் சொந்த ஊர்க்காரரே இருந்தார். ஆனால் இந்த அரவணைப்புக்கு விலை உண்டு. ஊரில் இருந்த சாதி வரிசை அப்படியே கப்பலேறி வந்தது. லயங்கள் சாதிவாரியாக ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் பல. விடியற்காலையில் எல்லாரையும் எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்த தப்பை அடிக்கும் பொறுப்பு ஒரு சாதியார் மேல் மட்டும் விழுந்தது.

சச்சரவுகளைத் தீர்த்ததும் கங்காணிதான். கல்யாணம், கடன், குடித்துவிட்டு அடிதடி, கோயில் மரியாதை எல்லாம் அவர் வாசலுக்கு வந்தன. இந்த நீதிபதிக்கு ஒரு விசித்திரமான சம்பளம்: தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்குத் தலைக்காசு. ஆகவே யாரையும் வெளியேற்றுவதில் அவருக்கு ஆதாயமில்லை. எவ்வளவு வம்புக்காரராக இருந்தாலும் கை வேலை செய்தால் போதும். கங்காணி ஆட்சியின் கடுமையைப் பேசுபவர்கள் அந்த ஆட்சி ஆளை விலக்கத் தயங்கியதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விலக்காமல் வைத்திருந்ததும் கருணையால் அல்ல.

வெளியேற விரும்பியவருக்குத்தான் வழி அடைபட்டது. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை துண்டு எழுதித் தர வேண்டும். அந்தத் துண்டில் கூட்டத்தின் மொத்தக் கடன் குறிக்கப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால் ஆட்கள் விடுவிக்கப்படுவார்கள், கடன் மட்டும் அவர்கள் பின்னாலேயே வரும். ஆளுக்குப் போட்டி அதிகமாகிக் கங்காணிகள் கேட்கும் முன்பணம் உயர உயர, தொழிலாளியின் தலையில் எழுதப்பட்ட தொகையும் உயர்ந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போன புதியவர் முதல் நாளே பழைய கடனாளியாக நுழைந்தார். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923இல் இந்தியத் தொழிலாளர் சட்டமும், 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. 1929இல் ஆண்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. சப்பிரகமுவத் தோட்டங்களில் பெரும்பகுதி பின்னிரு வகுப்புகளில் அடங்கியது.

கங்காணியின் இடத்தை மெல்ல மெல்லத் தொழிற்சங்கத் தலைவர் பிடித்தார். 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அதன் தொழிற்சங்கமே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. கேகாலை மாவட்டத்தில் இதற்கு முன்பே இடதுசாரிகள் வேரூன்றியிருந்தனர். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரணப் பணியாற்றிய என்.எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். இரு தரப்புச் சங்கங்களும் இந்தத் தோட்டங்களில் கிளை வைத்தன. தோட்டத் தலைவர், மாதர் தலைவி, சந்தா, கமிட்டி என்ற புதிய ஒழுங்கு உருவானது. கங்காணியைத் தேர்ந்தெடுக்க யாரையும் கேட்டதில்லை. தலைவர் பிடிக்காவிட்டால் சங்கம் மாறலாம். புதியவர் ஒருவர் எந்தச் சங்கத்தில் சேர்கிறார் என்பதே அவர் யார் பக்கம் என்பதற்கு அடையாளமாயிற்று.

சேர்ந்திருப்பதன் இன்னொரு முகம் கூத்து. மாசியில் பிறை கண்டபின் கம்பம் நட்டுப் பௌர்ணமி வரை நடக்கும் காமன் கூத்தில் வேடம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். ரதி வேடத்தையும் மரபாக ஆண்களே கட்டினர். ஆட்டம் கற்றுத்தரும் மாஸ்டருக்கும் கோயில் கமிட்டிக்கும் இங்கே சொல் செல்லும். ஆடத் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர், இரவு முழுக்க விழித்திருக்கத் தெரிந்தவர் எவராயினும் இடம் உண்டு என்று இந்தக் கூத்தின் அன்பர்கள் சொல்வது வழக்கம். சாதி அந்தக் களத்துக்குள்ளும் புகுந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என்றாலும் துரையோ கணக்கப்பிள்ளையோ கையொப்பமிடாமல் ஒருவர் உள்ளே வரக்கூடிய அபூர்வமான இடங்களில் அது ஒன்று.

பேர் பதிவு எவ்வளவு பலவீனமான உரிமை என்பதைக் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம் காட்டிவிட்டது. தொழிலாளர் அதை உருளவள்ளி என்றனர். நிலமில்லாத கிராமத்தவருக்குப் பகிர்ந்து கொடுக்க அரசு அந்தத் தோட்டத்தை வாங்கியது. கிராமத்தவரின் நிலப்பசி பொய்யல்ல. தோட்டங்கள் விரிந்தபோது நெருக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளருக்கு அந்தப் பகிர்வில் பங்கில்லை, வெளியேறச் சொல்லி நோட்டீஸ்தான் வந்தது. அவர்கள் போக மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாகப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தங்கியிருந்தவர்கள் மீது அத்துமீறிக் குடியிருத்தல் என்று குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. 1950இல் அங்கு அலசப்பட்ட கேள்வி நுட்பமானது: ஒருவர் தன் வீட்டை விட்டுப் போக மறுத்தால் நிலச் சொந்தக்காரருக்கு எரிச்சல் உண்டாகும் என்பது அவருக்கே தெரியும்; அதனால் அவர் எரிச்சலூட்டும் நோக்கத்தோடுதான் தங்கினார் என்று ஆகிவிடுமா? ஆகாது, எரிச்சலூட்டுவதே மேலோங்கிய நோக்கம் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது மன்றம். வீடு இல்லாமல் போவதைத் தவிர்ப்பதே ஒருவரின் நோக்கமாக இருக்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள அத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது.

அதற்குள் அளவுகோலே மாறியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949இன் சட்டத்தின்படி விண்ணப்பிக்க, திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் மற்றவர் பத்து ஆண்டுகளும் 1946 சனவரி 1க்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவில்லாத குடும்பங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோலே சான்று. ஆள் பிடிக்கவும் கூலி கணக்கிடவும் வைத்த புத்தகம் குடியுரிமைக்குச் சாட்சி சொல்லும்படி ஆனது. ஊரில் தாயைப் பார்க்கப் போய்த் தங்கிவிட்ட நீண்ட இடைவெளி விண்ணப்பத்தைக் கெடுக்கப் போதும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின, 1,34,000 பேர் அளவில்தான் ஏற்கப்பட்டனர்.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டன. நீலகிரிக்குப் போனவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், அங்கே மீண்டும் புதியவர்களாகத் தொடங்கினர். தங்கிவிட்டவர்களில் நாடற்றிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசிப்பவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அது பொருந்தியது.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரும் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் வரத் தொடங்கினர். கேகாலைப் பக்கம் இன்று இது சாதாரணக் காட்சி. அவர்கள் மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். லயத்தில் இருப்பவருக்கோ தோட்டமே வீடு. அதே லயத்தில் செக்ரோலில் பெயரில்லாத இளைஞர்கள் பெருகிவிட்டனர். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை, பெற்றோர் மட்டும் காம்பராவில். 1992 முதல் தோட்டங்களை நடத்தும் பிராந்தியக் கம்பனிகள் சங்கங்களுடன் செய்த கூட்டு ஒப்பந்தம் செக்ரோல்காரருக்கானது. சம்பள நிர்ணய சபை 2021 மார்ச்சில் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக வர்த்தமானியில் அறிவித்தபின் அந்த ஒப்பந்தமும் தொடரவில்லை. தோட்டத் தலைவரின் முன் வரும் புதிய பிரச்சினைகள் கூலி பற்றியவை மட்டுமல்ல: காம்பராவைப் புதுப்பிக்க அனுமதி, முகவரிச் சான்று, வேலை செய்யாத பிள்ளைக்குக் காணித்துண்டு.